பச்சைக் கையெழுத்து

போன மாதம் மலையடி டிவியின் ஐந்தாம் ஆண்டு விழா மலர் என் கைக்கு வந்தது. வழுவழுப்பான தாளில் அறுபத்து நாலு பக்கம். முதலாளி சம்பத்குமார் மாலையோடு நிற்கிற படம், அவருடைய மச்சான் படம், மச்சானின் மகன் கேமராவுக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிற படம் எல்லாம் இருந்தது. ‘எங்கள் செய்தி வாசிப்பாளர்கள்’ என்று தனியாக ஒரு பக்கம், நாலு பெண்களோடு. அதில் வெள்ளைத்தாய் அக்கா இல்லை. அந்தச் சேனலை நாலு ஊர் திரும்பிப் பார்க்க வைத்தவளுக்குத் தபால்தலை அளவு ஒரு படம் போட அவர்களுக்கு மனசு வரவில்லை. மலரை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்புறமும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கருத்தையா. ராஜபாளையத்தில் அந்தச் சேனலுக்கு இரண்டு வருஷம் ஒயர் இழுத்தவன், கேமரா பிடித்தவன், கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைந்தவன். இப்போது டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. என் கண்ணால் பார்த்ததையும், அக்காவும் அவள் ஊர்க்காரர்களும் சொன்னதையும் எழுதுகிறேன். உறைக்க வேண்டியவனுக்கு உறைக்கட்டும்.

வெள்ளைத்தாய் கான்சாபுரத்துக்காரி. அவள் அப்பா சங்கையாவுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பிளவக்கல் அணையைத் திறந்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால்தான் அது வயல், வராவிட்டால் ஆடு மேய்கிற பொட்டல். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் அவள்தான் செய்தி வாசிப்பாள். மைக் கிடையாது. கத்தவும் மாட்டாள். ஆனாலும் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும் என்று அவளோடு படித்தவர்கள் சொல்வார்கள். கல்லூரி முடித்துவிட்டு எண்பத்து நாலில் வானொலி நிலையத்துக் குரல் தேர்வுக்குப் போனாள். முன்னூறு பேருக்கு மேல் வந்த இடத்தில் ஏழு பேரை எடுத்தார்கள், அதில் இவள் ஒருத்தி. தற்காலிக அறிவிப்பாளர் வேலை, மாதத்தில் ஆறு நாள். சாயங்காலம் வேளாண் நிகழ்ச்சி. போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம் பஸ்.

ஊர் சும்மா இருக்குமா. டீக்கடையில் ஒருவன் சங்கையாவிடம் கேட்டிருக்கிறான், “பொட்டப் பிள்ளைய மைக்குல பேச விட்டுட்டு எப்படி மாமா ஒமக்குச் சோறு எறங்குது?”

சங்கையா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாராம், “எம் பிள்ள அணைத் தண்ணியப் பத்திப் பேசுதா. நீ இங்ஙன உக்காந்து ஊர்ப் பொம்பளையளப் பத்திப் பேசுத. எது அசிங்கம்னு நீயே சொல்லு.”

அப்படிப்பட்ட மனுஷன். அவருடைய கோபம்தான் அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் அதை அதிகமாகப் பேச்சில் காட்ட மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நிகழ்ச்சி அதிகாரி அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார். கீழே பச்சை மசியில் கையெழுத்து இல்லாத தாளை மைக்குக்கு முன்னால் வைக்கக் கூடாது. பச்சை மசியில் கையெழுத்துப் போடுவது பெரிய அதிகாரிகள் மட்டும்தான், ஆகவே பச்சை இருந்தால் அந்தச் சேதிக்கு ஒரு ஆள் பொறுப்பு. இதை அவள் வேத வாக்காகப் பிடித்துக்கொண்டாள். தாள் வந்ததும் முதலில் கீழே பார்ப்பாள், அப்புறம்தான் மேலே. ஊருக்கு வந்தால் பஸ்ஸிலேயே பிடித்துக்கொள்வார்கள், “அணைய எப்பத் தாயி தெறப்பாக?” என்று. “தாள் வரட்டும் சித்தப்பா” என்பாள். தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டிருப்பாள், ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாள். அவள் அம்மா மாடத்தி, குழம்பை அவள் கையில் ஊற்றி, “உப்புப் போதுமான்னு சொல்லுட்டி. கையெழுத்து வேணும்னா ஒங்கய்யாவப் போடச் சொல்லுதேன்” என்று கேலி செய்வாராம்.

எண்பத்தெட்டு ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் மத்தியானம் சைக்கிளில் வந்த ஒருவன் அணை உடைந்துவிட்டது என்று கத்திக்கொண்டே போனான். கான்சாபுரமே மூட்டை கட்டியது. ஆட்டைப் பிடித்து, அரிசியைக் கட்டி, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரும் மேட்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள். சங்கையா மட்டும் கூடவே ரேடியோப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். மணி ஆறே முக்கால். வெள்ளைத்தாய் குரல் வந்தது. அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, உபரி நீர் இத்தனை கன அடி, அணை பாதுகாப்பாக இருக்கிறது. இங்கே ஊர் ரோட்டில் நிற்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. தாளில் இருந்ததை வாசித்தாள், அவ்வளவுதான். அதைக் கேட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருத்தர்கூட ஆள் அனுப்பிப் பார்த்து வரச் சொல்லவில்லை. அன்றையிலிருந்து அந்தப் பக்கத்தில் எந்தச் சேதி வந்தாலும் ‘வெள்ளத்தாயி சொல்லிட்டாளா’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

எண்பத்தொன்பதில் ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிற இருளப்பசாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் தங்கமான மனுஷன், ஷிப்ட் மாற்றிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். தொண்ணூற்று நாலில் இரண்டாவது பிள்ளைக்கு மூச்சிழுப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி. மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார்கிற வேலையை அதற்கு மேல் தொடர முடியவில்லை. அவளே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாள். ஒரு மாதம் வீட்டில் ரேடியோவைத் திருப்பவே இல்லை என்று இருளப்பசாமி சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இவன் வந்தான். இதுவரை ‘முதலாளி’, ‘அவர்’ என்று எழுதிவிட்டேன். இனிமேல் எனக்கு மரியாதை வராது, மன்னித்துக்கொள்ளுங்கள். சம்பத்குமாருக்கு உரமும் விதையும் விற்கிற கடை. மாடியில் உர மூட்டை அடுக்குகிற அறையைக் காலி செய்து, நீலத் திரை கட்டி, இரண்டு விளக்கு வைத்து மலையடி டிவி ஆரம்பித்திருந்தான். பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, துணிக்கடை விளம்பரம் இவைதான் ஓடிக்கொண்டிருந்தன. காரில் பழக்கூடையோடு அக்கா வீட்டுக்குப் போனான், கூட நானும் போனேன். “உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் வத்திராயிருப்புப் பக்கம் சம்சாரிங்க விதைக்கவே செய்யிறாங்கன்னு சொல்லுதாங்கம்மா. நம்ம சேனல்ல வயல் செய்தின்னு ஒண்ணு வாசிங்க. ரேடியோவுல வாசிச்ச மாதிரியே வாசிங்க, எதையும் மாத்த வேண்டாம்” என்றான். மடையன் நான், மனுஷன் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்று நினைத்தேன். அவன் கூலிக்குப் பிடிக்க வந்தது அவள் குரலை இல்லை, அதன் மேல் நாலு ஊர் வைத்திருந்த நம்பிக்கையை. அது எனக்கு விளங்க இரண்டு வருஷம் ஆனது.

முதல் வாரமே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கையெழுத்து இல்லையே” என்றாள் அக்கா. சம்பத்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் ஒரு பச்சைப் பேனா வாங்கி வந்தான். அன்றையிலிருந்து ஒவ்வொரு தாளின் அடியிலும் அவனே பச்சை மசியில் சுழித்துக் கொடுத்தான். விளையாட்டு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அக்காகூடச் சிரித்தாள். ஆனால் கீழே பச்சையைப் பார்த்துவிட்டு மேலே வாசிக்கிற கண் அவளுக்குப் பத்து வருஷமாகப் பழகிய கண். அது விளையாட்டு என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

வேலை எப்படி நடக்கும் என்றால், மத்தியானம் இரண்டு மணிக்கு ரெக்கார்டிங். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரையும் என்று அதை நிறுத்திவிடுவோம். யூரியா வாடையில், விளக்குச் சூட்டில், வேர்த்து வழிய அவள் வாசிப்பாள். ஒரே தடவை, திக்கவே மாட்டாள். பிறகு மூன்று கேசட்டில் பதிவு எடுத்து ஒன்றை ராஜபாளையத்துக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நான் பஸ்ஸில் கொண்டுபோவேன். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கேபிள்காரருக்கு. மற்றது கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து வத்திராயிருப்புக் கேபிள்காரர் சேஷுவுக்கு. ஏழரை மணிக்கு மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் ஓடும். கான்சாபுரத்துக்கு சேஷுவின் ஒயர்தான். ஊராட்சி டிவி அறையில் கூட்டம் கூடிவிடும். ரேடியோவில் கேட்ட குரலுக்கு இப்போது முகமும் வந்துவிட்டது என்று அவர்களுக்கு அத்தனை சந்தோஷம்.

தொண்ணூற்றாறில் மழை ஏய்த்தது. ஐப்பசி பிறக்கப் போகிறது, அணையில் தண்ணீர் இல்லை. சம்பத்குமார் குடோனில் போன வருஷத்து விதை நெல் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. இன்னும் இரண்டு மாதம் போனால் அது முளைக்காது, அரைத்துக் கஞ்சி காய்ச்சத்தான் ஆகும். ஒரு நாள் தாள் வந்தது. ‘பிளவக்கல் அணை வரும் பதினைந்தாம் தேதி பாசனத்துக்குத் திறக்கப்படும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. விவசாயிகள் உடனே நாற்றங்கால் தயார் செய்துகொள்ளலாம்.’ கீழே பச்சை. அக்கா வாசித்தாள், நான் கேமரா பிடித்தேன். அது முடிந்த கையோடு விதை நெல் விளம்பரத்தைச் சேர்த்ததும் நான்தான். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாலே நாளில் குடோன் பாதி காலி. கான்சாபுரத்தில் மட்டும் ஐம்பது வீட்டுக்கு மேல் நாற்றங்கால் விட்டார்கள். கிணற்றில் கிடந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் இறைத்து ஊற்றினார்கள். பதினைந்து வந்தது, இருபது வந்தது, மாதமும் முடிந்தது. அணைக் கதவு அசையவில்லை. விரல் நீளம் வளர்ந்த நாற்று நின்ற இடத்திலேயே கருகியது.

சங்கையா பஸ் ஏறி வந்தார். மகள் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கடை மாடிக்கு வந்தார். ரெக்கார்டிங்குக்காக அக்கா தலை சீவி உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“யாரு சொன்னா ஒனக்கு, பதினஞ்சாந் தேதி தண்ணி வருதுன்னு?”

“தாள் வந்துச்சுய்யா.”

“எந்த ஆபீஸ்ல இருந்து?”

அக்கா மேஜையில் கிடந்த அன்றைய தாளின் அடியைப் பார்த்துக் குனிந்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் வெதச்சது போகட்டும். எம் பிள்ள பேச்சக் கேட்டு எம் பயிரு கருகுச்சுன்னு நான் கெடந்துட்டுப் போறேன். நம்ம தெருப் பெத்தம்மா தாலியறுத்தவ, அரை ஏக்கரக் குத்தகைக்குப் புடிச்சு, காதுல கெடந்தத அடகு வச்சு வெத வாங்குனா. வெள்ளத்தாயி சொல்லிட்டா, பொறவு என்னன்னு சொல்லித்தான் வாங்குனா. நேத்து அவ எங்கிட்ட வந்து, ஒம் மகளுக்கு நாங்க என்ன அண்ணே பாவஞ் செஞ்சோம்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? இனிமே ஊருப் பக்கம் வராத. எம் மூஞ்சியிலயும் முழிக்காத.”

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அக்கா அன்று வாசிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அணை ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்த எழுத்தர் ஃபைலைத் திறந்து காட்டினார். “உத்தரவே போடலியேம்மா. பாதித் தண்ணிகூட இல்லாத அணைய எப்படித் தெறப்பாங்க?” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “நீங்கதான வாசிச்சீங்க? எங்க வீட்லயும் பாத்தோம். எங்களுக்கு வராத தகவல் ஒங்களுக்கு மேல இருந்து வந்துருக்கும்னு நெனச்சிட்டோம்” என்றார். உத்தரவை வைத்திருக்கிற ஆபீசே அவள் வாயை நம்பியிருக்கிறது. அக்கா அதைக் கேட்டு அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை சம்பத்குமாரிடம் கேட்டாள். அவன் நோட்டுக் கட்டில் ரப்பர் மாட்டிக்கொண்டே சொன்னான், “எதிர்பார்க்கப்படுகிறதுன்னுதானம்மா எழுதியிருந்தேன். நான் எதிர்பார்த்தேன். வரலை. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குக் கோபம் எல்லாம் வயிற்றுக்குள்ளேதான். அதோடு விட்டானா அந்தப் பாவி. மேஜை டிராயரைத் திறந்து அன்றைய தாளை எடுத்து நீட்டினான். ‘அணை திறப்பு அடுத்த மாதம் முதல் தேதிக்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. நாற்று கருகியவர்கள் உடனே மறு விதைப்புச் செய்துகொள்ளலாம்.’ கீழே பச்சை. குடோனில் மிச்சம் கிடந்த பாதியையும் அதே சனங்களின் தலையில் கட்டப் பார்க்கிறான். கருகிப் போய் நிற்கிறவனை மறுபடியும் கடன் வாங்க வைத்து மறுபடியும் கருக வைக்கிற வேலை. இவள் வாசித்தால் அது நடக்கும் என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை.

அக்கா தாளை வாங்கிக்கொண்டாள். “ரெண்டு மணிக்கு வாசிக்கிறேன்” என்றாள். அவன், நல்ல பிள்ளை என்பது போலத் தலையை ஆட்டினான்.

இரண்டு மணிக்கு மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைச் சரி செய்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

“கருத்தையா, இன்னைக்குத் தாள்ல இல்லாதத வாசிக்கப் போறேன். ஒனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு. வேணாம்னா இப்பமே சொல்லிரு, நீ வெளிய போய் நில்லு, நானே பட்டனை அமுக்கிக்கிடுதேன்.”

“ஓடுதுக்கா. வாசி” என்றேன்.

அவள் அன்று பேசியது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. ரேடியோவில் வாசிக்கிற அதே நிதானம். “வணக்கம். வயல் செய்தி. வாசிப்பது வெள்ளைத்தாய். பிளவக்கல் அணையைத் திறக்க எந்த உத்தரவும் வரவில்லை. நேற்று நானே ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். பதினைந்தாம் தேதி திறக்கும் என்று நான் வாசித்தது பொய்ச் செய்தி. அதை எழுதியவர் விதை விற்கிற கடைக்காரர். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாசித்தது நான். இன்றைக்கு மறுபடியும் விதைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இதோ இதுதான். கீழே இருக்கிற பச்சைக் கையெழுத்து அதிகாரி போட்டது இல்லை, அதே கடைக்காரர் போட்டது. யாரும் விதை வாங்காதீர்கள். நாற்று கருகியவர்கள் என்னைத் திட்டுங்கள். அது நியாயம். செய்திகள் முடிந்தன.”

ஒரு சொல்லில்கூடக் குரல் நடுங்கவில்லை.

பதிவு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கல்லாவில் இருந்தவன், “முடிஞ்சதா?” என்றான். “முடிஞ்சது முதலாளி” என்றேன். பஸ்ஸில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றைக் கொடுத்தேன். சேஷுவிடம் மற்றதைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் கான்சாபுரம் போய் ஊராட்சி டிவி அறையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். ஏழரை மணிக்கு ஓடியது. ராஜபாளையத்தில் முதல் நிமிஷத்திலேயே சம்பத்குமார் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டானாம். மற்ற இரண்டு ஊரிலும் பிடுங்க ஆள் இல்லை, முழுசாக ஓடியது.

யாராவது ஒருத்தராவது, ‘நல்ல வேளை சொன்னாள்’ என்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. “கடைக்காரனுக்கும் இவளுக்கும் பங்குல தகராறுபோல” என்றான் ஒருவன். “டிவியில அழுதா ஆச்சா, எங் காதுல கெடந்தத இவ திருப்பித் தருவாளா?” என்றார் பெத்தம்மாள். அவர் கேட்டது நியாயம், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்களைச் சொல்லுவேன். பொய்யை வாசித்தபோது வாய் பேசாமல் நம்பியவர்கள், உண்மையை வாசித்தபோது கணக்குக் கேட்டார்கள். சங்கையா கடைசி வரிசையில் சுவரோடு நின்றிருந்தார். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஒன்று, மறு விதைப்புக்கு ஒரு மூட்டைகூட அந்தப் பக்கம் போகவில்லை. குடோனில் கிடந்த மிச்ச விதை பூச்சி விழுந்து வீணானது. அந்த மட்டில் என் வயிறு குளிர்ந்தது.

மறுநாள் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. அவள் அதிகச் சம்பளம் கேட்டு மிரட்டினாள், கொடுக்காததால் பழி போட்டாள் என்று சம்பத்குமார் கடைக்கு வருகிறவனிடம் எல்லாம் சொன்னான். ராஜபாளையம் அதையும் நம்பியது. மில்லில் இருளப்பசாமியிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார்கள். ஒரு வாரத்தில் புதுப் பெண் ஒருத்தி நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். எல்லாரும் பார்த்தார்கள். இப்போதும் பார்க்கிறார்கள். அவனுக்கு ஆண்டு விழா, மாலை, மலர்.

அக்கா வீட்டில் இருந்தாள். ஊருக்குப் போகவில்லை. மாடத்தியம்மா மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார்.

அடுத்த வருஷம், தொண்ணூற்றேழில், மழை கொட்டியது. அணை நிரம்பியது. திறப்பதற்கு உத்தரவு வந்து ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினார்கள், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். மற்ற ஊர்க்காரர்கள் விதைத்தார்கள். கான்சாபுரத்துக்காரர்கள் விதைக்கவில்லை. ஒரு தடவை கருகியது போதும், தண்ணீர் கண்ணால் தெரியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் தெரிந்த பிறகு நாற்று விட்டால் பருவம் தப்பும். எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒருவனுக்கும் கை வரவில்லை.

நான் அன்று அக்கா வீட்டில் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சங்கையா வந்து நின்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு. அக்கா பதறி எழுந்து, “வாங்கய்யா” என்றாள். அவர் உள்ளே வந்தார், உட்காரவில்லை. மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அணை திறப்பு உத்தரவு. ஆபீசில் போய் விடாப்பிடியாக நின்று வாங்கி வந்திருக்கிறார்.

“வாசி” என்றார்.

அக்கா தாளை வாங்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது, ஒரு வருஷத்துக் கோபம்.

“எதுக்கு நான் வாசிக்கணும்? ஊருல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆள் இல்லையா? நான் பொய் சொல்லுதவ. எம் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு சொன்னவரு, இப்ப என்னத்துக்கு வந்தீய? என்னைய நம்புதீயளா?”

“ஒன்னைய நம்பல” என்றார் சங்கையா. “கையெழுத்த நம்புதேன். ஆனா எழுத்துப் படிச்ச பயலுவ அம்புட்டு பேரும் படிச்சுக் காட்டிட்டானுவ, வெதைக்கக் கை வர மாட்டேங்குது. ஒங் குரல்ல கேட்டாத்தான் வரும் போல இருக்கு. வாசி.”

அக்கா தாளை வாங்கினாள். முதலில் கீழே பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பேரையும் பதவியையும் முத்திரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முன்பெல்லாம் அவ்வளவு நேரம் பார்க்க மாட்டாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்று வாசித்தாள். வணக்கம் சொல்லவில்லை, வாசிப்பது யார் என்றும் சொல்லவில்லை. தேதி, அடி, எந்தெந்தக் கண்மாய், எத்தனை நாளைக்கு என்று நேராகப் போனாள். சங்கையா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கீழ யாரு போட்டுருக்கா?” என்று கேட்டார்.

“செயற்பொறியாளர்.”

“பச்சைதான?”

“பச்சையப் பாக்காதீய. பேரப் பாருங்க, ஆபீசு முத்திரையப் பாருங்க. நான் வாசிச்சாலும் இனிமே இதப் பாக்காம வெதைக்காதீய. ஊர்லயும் சொல்லுங்க.”

“சொல்லுதேன்” என்றார். தாளை வாங்கி மடித்து மடியில் செருகினார். அக்கா அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

“இருக்க நேரமில்லப்பா. நாலரை பஸ்ஸ விட்டா இருட்டிரும். இன்னைக்கே வெதைய நனையப் போடணும்” என்றார்.

திரும்பி வந்து பார்த்தேன். அக்கா காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். “போயிட்டாராக்கும்” என்றாள். பிறகு அந்தக் காப்பியை என்னிடம் கொடுத்தாள்.